அழாதவருக்கு இரண்டு நட்சத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள்?' பக்கம் பார்த்தேன். மனைவியைப் பறிகொடுத்த மனிதரின் கதை. எந்தப் படம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தைப் போட்டதே நீங்கள்தானே.

'இழுவை', 'விருதுக்காக எடுத்த படம்', 'டாகுமென்டரி மாதிரி இருக்கு' என்பதெல்லாம் எப்போதும் வருவதுதான். டிக்கெட் எடுத்துப் பார்த்தவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஒருவர் சொன்னதைத் தனியாகப் பெட்டி கட்டி, கொட்டை எழுத்தில் பக்கத்தின் நடுவில் வைத்திருக்கிறீர்கள்: "பொண்டாட்டி செத்துப்போனா ஒரு சொட்டுக் கண்ணீர் வராதா? இவனெல்லாம் என்ன மனுஷன்?" சொன்னவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அரங்கை விட்டு வெளியே வந்ததும் மைக்கை நீட்டினால் யாருக்கும் வாயில் வந்ததுதான் வரும். பெட்டி கட்டியவர் யார் என்றுதான் தெரிந்துகொள்ள ஆசை.

ஏனென்றால் இதே கேள்வியை என்னைப் பார்த்தும் கேட்டிருக்கிறார்கள். என் கணவர் போன அன்று நான் அழவில்லை. மருத்துவமனைக் கணக்கு, சான்றிதழ், யாருக்கெல்லாம் தகவல் சொன்னோம், யார் விட்டுப்போயிற்று, எல்லாம் என் தலையில்தான் இருந்தது. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். பல மாதம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் காரணமே இல்லாமல் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்போது அதே ஆள், "இன்னுமா?" என்றார். அழுவதற்கு ஒரு கெடு வைத்திருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

படத்தில் அந்த மனிதர் இரவானால் மனைவியின் கைபேசியை எடுத்து சார்ஜில் போடுவார். திரையில் பேட்டரிக் கோடு ஏறுவதைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். "போனுக்கு சார்ஜ் ஏறுறதையே ரெண்டு நிமிஷம் காட்டுறாங்க" என்று ஒரு ரசிகர் சிரித்திருக்கிறார். என் கணவர் எண்ணுக்கு நான் ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தேன். விட்டுவிட்டால் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும், என்றாவது மறந்துபோய்க் கூப்பிட்டால் முன்பின் தெரியாத குரல் 'ஹலோ' சொல்லும் என்று பயம். ஒருநாள் கடன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். "சார் இருக்காரா?" என்றாள். "வெளியே போயிருக்கார், அப்புறம் கூப்பிடுங்க" என்றேன். பாவம், மறுநாளும் கூப்பிட்டாள். அந்த இரண்டு நிமிடக் காட்சி எனக்கு நீளமாகத் தெரியவில்லை ஐயா. இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம் என்றே இருந்தது.

படத்தில் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. இரண்டாம் பாதியில் மழை அளவுக்கு மீறிப் பெய்கிறது. துக்கம் என்றால் மழை என்பதை இயக்குநர்கள் எப்போதுதான் விடப்போகிறார்களோ. இதை உங்கள் விமர்சகர் எழுதியிருந்தால் கைகுலுக்கியிருப்பேன். அவர் எழுதியது 'பொறுமைசாலிகளுக்கு மட்டும்' என்ற ஒரு வரியும் இரண்டு நட்சத்திரமும். பக்கத்துப் பத்தியில், ஆளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே போகும் படத்துக்கு மூன்றரை. அதில் செத்தவர்களுக்காகவும் யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. 'என்ன மனுஷன்' என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மெதுவாகப் போகும் படம் என்றால் இயக்குநர் கேமராவை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'த்ரீ கலர்ஸ்: ப்ளூ' (1993) உங்களுக்குத் தெரியாததா? விபத்தில் கணவனையும் மகளையும் இழந்த பெண் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து சர்க்கரைக் கட்டியின் ஓரத்தைக் காபியில் தொட்டுப் பிடிப்பாள். பழுப்பு நிறம் மெல்ல மேலே ஏறி, கட்டி முழுக்க நனையும். அவ்வளவுதான் காட்சி. அது ஐந்து விநாடிக்குள் நனைய வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் பார்ப்பவர் தாங்கமாட்டார் என்று உதவியாளரை விட்டு விதவிதமான சர்க்கரைக் கட்டிகளை நனைத்துப் பார்க்கச் சொன்னதை அவரே விளக்கியிருக்கிறார். விநாடிக் கணக்கு பார்த்து எடுத்த காட்சி அது. உங்கள் விமர்சகர் கையில் கிடைத்திருந்தால், 'சர்க்கரை கரைகிறது, கதை நகரவில்லை' என்று முடித்திருப்பார்.

'வாய்விட்டு அழும் காட்சி ஒன்றாவது வைத்திருக்கலாம்' என்று இன்னொருவர். சரி, 'பதேர் பாஞ்சாலி' (1955). மகள் இறந்தது தெரியாமல் ஊர் திரும்பும் தகப்பன், அவளுக்கென்று வாங்கிவந்த புடவையை எடுத்து நீட்டுகிறார். தாய் அதை வாங்கிக்கொண்டு கதறுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்காது. சத்யஜித் ராய் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியத்தின் இசையை வைத்தார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் என்னால் திரையை நேராகப் பார்க்க முடிவதில்லை.

இதுவும் ஞாபகம் வருகிறது. முன்பு ஒரு மனநலச் சிறப்பிதழில் 'துக்கத்தின் ஐந்து படிகள்' என்று ஏணிப் படம் போட்டு, எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று வாசகர்களுக்குக் கேள்வித்தாள் வேறு வைத்தீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. உறவைப் பறிகொடுத்தவர்கள் மேல் அதை ஏற்றியது அப்புறம்தான். வரிசையாக ஏறிக் கடக்க வேண்டியவை அல்ல அவை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அப்போதே உங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், பெருந்தன்மையாகப் பிரசுரித்தீர்கள். மரியாதைக்காக எழுதிய 'சிறப்பிதழ் அருமை' என்ற முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். என் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள்.

அந்தக் கேள்வித்தாளுக்கும் இந்தப் பெட்டிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருவர் இப்படித்தான் துக்கப்பட வேண்டும் என்று நீங்களே ஒரு பாடத்திட்டம் வைத்துக்கொண்டு, அதில் பாஸா பெயிலா என்று பார்க்கிறீர்கள்.

முதல் நாள் கூச்சலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1960 கான் திரைப்பட விழா இருக்கிறது. தீவில் காணாமல் போன பெண்ணைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவளை மறந்தேபோகிற இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லாவெந்துரா' படத்தை அரங்கிலேயே கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். அதே விழாவில் அதற்கு நடுவர் குழுவின் பரிசு கிடைத்தது. 1962இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமா இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படங்கள் வரிசையில் இரண்டாம் இடம். நீங்கள் பெட்டி கட்டிய படமும் அப்படி ஆகும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. ஆகாமலும் போகலாம்.

அதே பக்கத்தின் அடியில், மெத்தை விளம்பரத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு கருத்து இருக்கிறது: "இப்ப ஒண்ணும் கேட்காதீங்க, நான் வீட்டுக்குப் போகணும்." உங்கள் நிருபர் இதைக் கருத்தென்றே எண்ணாமல், இடம் நிரப்பப் போட்டிருப்பார். என்னைக் கேட்டால், பெட்டி கட்டியிருக்க வேண்டியது இதைத்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நட்சத்திரத்தை நிறுத்துங்கள் என்றால் நிறுத்தமாட்டீர்கள், தெரியும். சாவைப் பற்றிய படங்களுக்கு மட்டுமாவது, அரங்க வாசலில் மைக் நீட்டாமல் நாலு நாள் கழித்துக் கருத்துக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால், கடைசிக் காட்சியில் அந்தக் கைபேசி என்ன ஆகிறது என்பதை இன்னொரு முறை படக்குறிப்பில் போடாமலாவது இருங்கள்.

கடிதத்தை வெட்டுவதானால் இந்த முறை முதல் வரியை வெட்டிக்கொள்ளலாம், அதில் வெறும் வணக்கம்தான் இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்