துருப்பிடித்த எஞ்சின் பிளாக்கைக் கழிக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே முதல் அக்டோபர் வரை மழை பெய்யும் ரங்கூனில், ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) கழற்றிப் போட்ட பழைய ஜப்பான் எஞ்சின்களின் சிலிண்டர் துருப்பிடிப்பது சகஜம். அவற்றை எடைக்குப் போடுவதும் தவறு. உப்புத்தாள் தேய்த்து ஓட்டிவிடுவதும் தவறு.

முதலில் டீசல் ஊற்றி ஊறவிட்டு, மேல்துருவைத் துடைத்தெடுங்கள். அதுவரை கிராங்கை (பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டை) சுற்றக் கூடாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவை இழுத்துச் சிலிண்டர் சுவரைக் கீறும். பிஸ்டனையும் கிராங்கையும் கழற்றியபின் சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். வெறும் கறை என்றால் 220 கிரிட் (சொரசொரப்பு அளவு) கல்லில் ஹோனிங், அதாவது சுவரை லேசாகத் தேய்ப்பது, போதும். நகம் மாட்டும் குழி, ரிங் ஓடும் பகுதியில் இருந்தால் ஹோனிங் உதவாது. 0.1 மி.மீ. ஆழக் குழியை அழித்தால் விட்டம் 0.2 மி.மீ. கூடும், பழைய பிஸ்டன் ஆடும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) போகும். அங்கே ஓவர்சைஸ் (அளவு கூடிய) பிஸ்டனுக்கு, பெரும்பாலும் 0.50 மி.மீ., போரிங் செய்ய (துளையைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும்; இல்லையேல் புது லைனர் (சிலிண்டரின் உள்ளுறை) போட வேண்டும். ரிங் தொடாத அடிப்பகுதிக் குழியை விட்டுவிடலாம்.

ஹோனிங்கில் எண்ணெய் விட்டபடி, கை நிற்காமல் மேலும் கீழும் ஓட்ட வேண்டும். சுவரில் கல் விடும் கோடுகள் சுமார் 45 டிகிரியில் குறுக்கிட வேண்டும். மேல், நடு, கீழ் மூன்றிலும் இரு திசையில் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளக்காமல் ரிங் போடாதீர்கள்.

கழுவுவதில்தான் பல பட்டறைகள் கோட்டைவிடுகின்றன. பெட்ரோலால் கல்தூள் முழுதாகப் போகாது. துடைக்கும் வெள்ளைத் துணியில் கறை படுவது நிற்கும்வரை சோப்பும் சுடுநீரும் விட்டு பிரஷால் தேய்க்க வேண்டும். துடைத்த கையோடு எஞ்சின் ஆயில் பூசாவிட்டால், நம் ஊர் ஈரத்தில் சில நிமிடங்களிலேயே துரு திரும்பும்.

— வாசகர், ரங்கூன்