ஆய்வுரையா, வாழ்த்துரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு திருகோணமலையில் ஒரு சிறுகதைத் தொகுதி வெளியீட்டுக்குப் போயிருந்தேன். அழைப்பிதழில் 'ஆய்வுரை' என்று இருந்தது. பேசியவர் 'மண்வாசனை' என்று எத்தனை தரம் சொன்னார் என எண்ணிக்கொண்டிருந்து, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். கதைகளிலிருந்து ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

அதில் ஒரு கதை கரைவலை இழுப்பவர்களைப் பற்றியது. வலை கரைக்கு வந்ததும் அதன் சொந்தக்காரரான சம்மாட்டியார் மீனைப் பார்க்கவில்லை, இழுத்தவர்களின் தலைகளை எண்ணுகிறார். பங்கு எப்படிப் பிரியப்போகிறது என்பது அந்த ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. மார்க்சிய விமர்சகர்களான கைலாசபதி, சிவத்தம்பி வழியில் வாசிப்பவர் இங்கே வர்க்கத்தைப் பேசியிருக்கலாம். பிரதியை மட்டும் பார்ப்பவர், அந்த வரியின் சிக்கனத்தைப் பேசியிருக்கலாம். பெண்ணிய நோக்கில் வாசிப்பவர், கருவாடு காயவைக்கும் பெண்கள் ஏன் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்று கேட்டிருக்கலாம். (எனக்கும் அதே கேள்விதான்.) எந்த வழியில் போனாலும் சரி, கதைக்குள் போகவேண்டாமா?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. றிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னார். அந்த அனுபவம் 1929இல் நூலாக வந்தது. பெரிய கவிஞர்களின் கவிதைகளையே பலர் மட்டம் தட்டியிருந்தார்கள்! நமது வாசகர் வட்டங்களும் ஒரு மாலை இதைச் செய்துபார்க்கலாம். தேநீரும் வடையும் போதும், பொன்னாடை வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.