எங்கள் கல்வெட்டுத் தளத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் கல்வெட்டு ஆர்வலர் குழுவின் கருத்துக்களம் புது மென்பொருளுக்கு மாறி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. இது முழுக்க முழுக்க நீங்கள் சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்த வேலை. பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, ஊரையும் உறவுமுறையையும் வைத்தே சொல்கிறேன். அவரவருக்குப் புரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பொழுதுபோக்காகத் தமிழில் தளம் கட்டுகிறவர்கள் எல்லோரும் எங்களைப் போலவே இதே இடங்களில்தான் மாட்டுவார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றே பொதுவில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். சோழர் கல்வெட்டில் நிலக்கொடை என்று வந்துவிட்டால் வேலி என்ற நில அளவில் தொடங்கி மா, காணி, முந்திரி என்று அதன் பின்னங்களாகக் கணக்கு இறங்கிக்கொண்டே போகும். மா என்றால் 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. அதற்கும் கீழே கீழ்முந்திரி இருக்கிறது. இந்தப் பின்னக் குறிகளுக்கு, எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019-இல், 12-ஆம் பதிப்பில்தான். நாம் வழக்கமாக எழுதும் தமிழ் எழுத்துகளிலிருந்து வெகுதூரம் தள்ளி, தனிப் பகுதியாக 51 குறிகளைச் சேர்த்தார்கள். யூனிகோடு எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் சாதாரணத் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் எடுக்கும். இந்தக் குறிகள் 4 பைட் எடுக்கும். எங்கள் தொல்லை இந்த ஒரு பைட்டில்தான் இருந்தது.

எங்கள் பதிவுகள் சேமிக்கப்படும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'யுடிஎஃப்8' என்று பெயர் போட்டிருப்பது 3 பைட்டோடு நின்றுவிடும். நான்காவது பைட்டும் வேண்டுமென்றால் 'யுடிஎஃப்8எம்பி4' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய தளங்களில் தரவுத்தளத்தின் கண்டிப்பு முறை அணைந்து கிடந்தால் அது பிழை என்று வாய் திறந்து சொல்லாது. 4 பைட் குறி வந்த இடத்தோடு பதிவை வெட்டி, மீதியை விட்டுவிடும். எங்கள் தளத்தில் நிலக்கொடைப் பாடங்கள், அதாவது கல்லில் உள்ளதைப் படித்துத் தட்டச்சு செய்த வாசகங்கள், பலவும் அளவு தொடங்கும் இடத்திலேயே முடிந்திருந்தன. படிப்பவருக்குக் கல்லே அந்த இடத்தில் உடைந்துபோனது போலத் தோன்றும். அது கல்லின் குற்றமல்ல, தரவுத்தள அட்டவணையின் குற்றம் என்று கண்டுபிடித்தவர் அண்ணன்தான். வெட்டுப்பட்ட பதிவுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எந்தச் சொல்லோடு நிற்கிறது என்று பார்த்தே பிடித்துவிட்டார்.

அட்டவணைகளை மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் போன வரிகள் போனவைதானே? அங்கேதான் கும்பகோணத்துப் பெரியவர் வருகிறார். புதுப் பதிவு வந்தால் உறுப்பினருக்கு மின்னஞ்சல் போகும். அந்த அஞ்சல் பதிவு எழுதியவர் அனுப்பிய உரையிலிருந்து நேராகத் தயாராவதால் அதில் வெட்டு விழவில்லை. ஐயா இன்றுவரை ஒரு மின்னஞ்சலைக்கூட அழித்ததில்லையாம். "எதுக்கு அழிக்கணும்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அவருடைய அஞ்சல் பெட்டியிலிருந்துதான் காணாமல் போன பாடங்களை மீட்டோம். ஐயா, அந்தப் பெட்டியைத் தயவுசெய்து இனியும் அப்படியே வைத்திருங்கள்.

அப்புறம் கோவைத் தங்கை. கல்லூரியில் படித்துக்கொண்டே எங்கள் தேடல் வசதியை எழுதித் தந்தவர். தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடும் தெரியாது. எங்களில் சிலர் கல்லில் உள்ளபடியே தட்டச்சு செய்வார்கள், சிலர் புள்ளி வைத்துத் திருத்தமாக எழுதுவார்கள். தேடினால் பாதிதான் கிடைக்கும். தங்கை செய்தது எளிய வேலைதான், ஆனால் அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, தேடலுக்கு மட்டும் ஒரு நிழற்பிரதி. அதில் புள்ளிகளை நீக்கி, நெடிலைக் குறிலாக்கி வைத்தார். தேடுகிறவர் தட்டும் சொல்லுக்கும் அதே வைத்தியம். இப்போது எப்படி எழுதினாலும் அகப்படுகிறது.

அதே வேளையில் 'ஸ்ரீ'யின் குட்டையும் உடைத்தார். இந்த எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 'ஸ'வில் தொடங்கி ஒன்று, 2005-இல் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கி இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. கல்வெட்டு பெரும்பாலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்றுதானே தொடங்கும்? எந்த விசைப்பலகையில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து எங்கள் தொகுப்பே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தமிழில் தேடல் வைக்கும் யாரும் இதை முதல் நாளே கவனித்துக்கொள்வது நல்லது.

மென்பொருள் எது என்பதில் குழுவில் பெரிய சண்டையே நடந்தது. ஃபேஸ்புக் குழு போதாதா என்று ஒரு கட்சி. கருத்துக்கள மென்பொருளில் டிஸ்கோர்ஸ்தான் இன்றைக்கு அழகு என்று இன்னொரு கட்சி. சிங்கப்பூர்த் தம்பி எந்தப் பக்கமும் சாயாமல், ராத்திரி தளம் படுத்துவிட்டால் யார் எழுந்து பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. டிஸ்கோர்ஸ் நல்ல மென்பொருள், கைப்பேசியில் அருமையாக இருக்கும். ஆனால் அதற்குத் தனி வழங்கி (சர்வர்) வேண்டும், குறைந்தது 1 ஜிபி நினைவகம் வேண்டும், அதை நிறுவப் பயன்படும் டாக்கர் கருவி தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். எங்களிடம் இருப்பது பலரோடு பகிர்ந்துகொள்ளும் சாதாரண வழங்கி இடமும், அதற்குப் பணம் கட்டும் நல்ல மனமும்தான். ஃபேஸ்புக்கில் போட்ட பாடத்தை நாலு வருடம் கழித்துத் தேடி எடுத்து ஒரு கட்டுரையில் மேற்கோள் காட்டுவது நடக்கிற காரியமில்லை என்றும் தம்பி சொன்னார். அதுவும் சரிதான்.

கடைசியில் மைபிபி என்ற கருத்துக்கள மென்பொருள் என்று முடிவானது. வழங்கியில் பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல்லும் இருந்தால் போதும், இலவசம், நிறுவும்போதே 4 பைட் யுடிஎஃப்-8 வேண்டுமா என்று தேர்வும் தருகிறது. எங்களுக்கு வேண்டிய நிலக்கணக்கு அதில் அடங்கிவிட்டது. அதே வகையைச் சேர்ந்த பிஎச்பிபிபி வேண்டும் என்று வாதாடியவர்கள் இன்னும் கொஞ்சம் கோபத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. வாதாடியதால்தான் தம்பி எல்லாவற்றையும் நிறுவிப் பார்த்துக் காட்டினார். பழைய இணைப்புகள் ஒன்றுவிடாமல் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திரும்பும்படி 301 திருப்பலும் அவர் போட்டுக் கொடுத்ததே. ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் ஏறிவிட்ட முகவரிகள் செத்துப்போகாமல் காத்தது அதுதான்.

சிவகாசி ஐயா அச்சகத்தில் வாழ்நாளெல்லாம் எழுத்துக் கோத்தவர். நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த வடிவமைப்பைப் பார்த்ததும், இது இங்கிலீஷ்காரன் தைத்த சட்டை, கையே நுழையாது என்றார். அவர் சொன்னபடி வரி உயரத்தை எழுத்தளவில் 1.7 மடங்காக்கினோம். எழுத்தின் மேலே வரும் விசிறியும் ('ி', 'ீ' குறிகள்) மேல்வரியின் கீழ்ச்சுழியும் இடித்துக்கொள்வது நின்றது. தமிழைச் சாய்வெழுத்தில் போடாதே, சாய்த்தால் எழுத்து விழுந்ததுபோல இருக்கும் என்றார். மேற்கோளுக்கு இப்போது சாய்வு இல்லை, பக்கவாட்டில் ஒரு கோடு மட்டும். பொத்தான்களில் நீளமான தமிழ்ச் சொற்கள் வெளியே வழிந்ததற்கு அகலத்தை எழுத்துக்கு ஏற்ப விட்டுவிடச் சொன்னார். எழுத்துருவுக்கு, பதிவின் உடற்பகுதிக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், பின்னக் குறிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட். இரண்டாவதை மறந்தால் முந்திரி இருக்கும் இடத்தில் வெறும் கட்டம்தான் தெரியும்.

எரிதங்களை (விளம்பரக் குப்பைப் பதிவுகளை) விரட்டிய மதுரை டீச்சருக்குத் தனி வணக்கம். பதிவு செய்யும்போது 'பொங்கலுக்கு அடுத்த நாள் என்ன பொங்கல்?' என்று தமிழில் கேட்டு, தமிழிலேயே விடை எழுதச் சொன்னார். போலிப் பதிவுகள் ஏறக்குறைய நின்றேவிட்டன. படங்களில் ஒளிந்திருக்கும் இடக்குறிப்புத் தகவலைப் பதிவேற்றும்போதே நீக்கிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான். காவல் இல்லாத கோயில்களின் சிலைகளைப் படத்தோடு வழியும் சொல்லிக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. முதலில் முணுமுணுத்தவர்கள்கூட இப்போது ஒத்துக்கொள்கிறார்கள்.

வழங்கிக் கட்டணத்தை ஆண்டுதோறும் சத்தமில்லாமல் கட்டிவிடும் நண்பருக்கு என்ன சொல்வது? ரசீதையாவது அனுப்புங்கள், கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் பாமினி எழுத்துருவிலும் டிஸ்கி என்ற பழைய குறியேற்ற முறையிலும் தட்டி வைத்த கோப்புகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல் ஒன்றை அண்ணனும் தங்கையும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றிய பாடத்தை மைப்படியோடு (கல்லில் காகிதம் ஒட்டி மையால் எடுத்த படியோடு) ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் தளத்திலேயே தகவல் சொல்லுங்கள். தேடலுக்கான நிரல் வேண்டுபவர்களும் அங்கேயே கேட்கலாம், அப்படியே தருகிறோம்.

நன்றியுடன்,
தளப் பொறுப்பாளர்