பூனை விரட்டும் கருவியும் அதனுடன் வந்த நப்தலின் பொதியும்: முறைப்பாடு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

நுவரெலியா பகுதியில் வீட்டுத்தோட்டம் செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து, பூனை வந்தால் உணர்ந்து கீச்சொலி எழுப்பும் உங்கள் சோலார் பூனை விரட்டிகளை வாங்கினோம். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் உள்ளது. கருவி சரிவர வேலை செய்வதில்லை. அதைவிட மோசமானது, "மிருகங்களுக்குத் தீங்கற்றது" என்று அச்சிட்ட பெட்டிக்குள்ளேயே நஞ்சை வைத்து விற்றிருப்பது.

இலவசமாக வரும் வெள்ளை உருண்டைப் பொதியின் பின்புறம் பொடி எழுத்தில் நப்தலின் என்றிருக்கிறது. அலுமாரியில் துணிக்கு நடுவே போடுகிற அதே சாமான். இதைப் பாத்தி ஓரத்தில் போடச் சொல்கிறீர்கள். மிதித்த பூனை பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். இத்தகைய பொருட்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வரும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. கற்கண்டு மாதிரிக் கிடப்பதை முற்றத்தில் விளையாடும் பிள்ளை வாயில் போட்டால் யார் பொறுப்பு? லீக்ஸும் சலாதும் வளர்கிற மண் வேறு. பக்கத்து வீட்டுப் பூனை பாத்தியைக் கிளறக்கூடாது, அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது. அது சாகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இனி, "எல்லாக் காலநிலைக்கும் ஏற்றது" என்ற கருவி. பட்டரி மூடிக்கு இறப்பர் வளையம் இல்லை, அடியில் நீர் வடியத் துளையும் இல்லை. பகலில் சூடாகி விரிந்த காற்று இரவுக் குளிரில் சுருங்கும்போது வெளியிலுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கிறது. விடிந்து பார்த்தால் சென்சர் வில்லையின் உட்புறம் முழுக்க வியர்த்திருக்கும். உடல் சூட்டின் அசைவை வைத்து இயங்கும் சென்சர் இது. அந்த நீர்ப்படலம் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால், பூனை எதிரே வந்து குந்தினாலும் கருவிக்குத் தெரியாது. பட்டரி ஸ்பிரிங்கிலும் பச்சை பூத்துவிட்டது.

உள்ளே இருப்பவை 1.2 வோல்ட் பட்டரிகள் மூன்று. தென்மேல் பருவத்தில் மூடுபனி இறங்கிய நாட்களில் கையகலச் சோலார் தகடு அவற்றை நிரப்பப் போவதில்லை. சார்ஜரில் போட வேறு வழியும் வைக்கவில்லை.

ஒலி விடயம் இன்னும் சிக்கல். பூனைக்கு 60 கிலோஹேர்ட்ஸுக்கு மேலும் காது கேட்கும். மனிதருக்கு எல்லை 20. ஒலியை மாற்றும் உங்கள் குமிழின் தாழ்ந்த நிலைகள் 13.5 கிலோஹேர்ட்ஸில் தொடங்குகின்றன. பெரியவர்கள் பலருக்கு இது கேட்காது, பிள்ளைகளுக்கு நன்றாகவே கேட்கும். லயன் வீடுகள் சுவரோடு சுவராக இருப்பவை. ஒரு வாசலில் வைத்தால் அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்கும் அந்தக் கீச்சொலி போகும். குமிழை உயர்த்தி வைத்தால் ஒலி நேர்கோட்டில்தான் செல்லும். கோவா இலையும் போஞ்சிப் பந்தலும் மறித்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 9 மீற்றர் தூரம், வெறுந்தரையில் மட்டும் சரிவரலாம். இதைச் சொல்ல கையேட்டில் ஒரு வரி இல்லை. தமிழில் கையேடே இல்லை.

பூனை தேடி வருவது தோண்ட இலகுவான பொடிமண்ணை. கரட் விதைத்த பாத்திதான் அதற்குப் பிரியம். 1 அங்குலக் கண் கோழிவலையைப் படுக்கையாக விரித்து, ஓரத்தைக் கீழே மடித்து, வளைத்த கம்பியால் குத்தினாலே பூனை விலகும். (இலை கண்ணுக்குள் நுழையுமுன் வலையைத் தூக்கவேண்டும், பிந்தினால் நாற்று வேரோடு வரும்.) லீக்ஸ் பாத்தியில் கவ்வாத்துக் குச்சிகளை 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குத்தினால் குந்த இடமிருக்காது. மலத்தைக் கையுறையோடு அன்றன்றே அள்ளவேண்டும். அதிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய டொக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாட்கள் ஆகும், மணம் தங்கிவிட்டால் பூனையும் திரும்பி வரும். நப்தலினுக்குப் பதில் ஒரு சுருள் வலையை வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

எங்கள் பணத்தை முழுமையாகத் திருப்பித் தரவேண்டும். கடைகளிலுள்ள பெட்டிகளிலிருந்து உருண்டைப் பொதியை அகற்ற வேண்டும். பெட்டியிலுள்ள அந்த இரண்டு வாசகங்களையும் நீக்க வேண்டும். மாற்றுக் கருவி வேண்டாம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வாங்கி 3 மாதத்துக்குள் அந்தச் சபையிடம் முறையிட வேண்டியிருப்பதால், 14 நாட்களுக்கு மேல் பதிலுக்குக் காத்திருக்க மாட்டோம். பொதிகளை இறுக மூடிய போத்தலில் வைத்திருக்கிறோம். ஓடையில் கொட்டவோ எரிக்கவோ முடியாத சாமான், தபாலிலும் அனுப்பமாட்டோம். எடுத்துச் செல்ல ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டச் செய்கையாளர்கள்,
நுவரெலியா