சாவியைக் கொடுக்கும் முன் கையில் ஒரு காகிதம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் கடலோரமாக உள்ள ஒரு பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். கட்டட வேலைக்குக் கையாளாகப் போய், கொத்தனாராகி, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன். எங்கள் திட்டப்பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு வந்ததிலிருந்து, 'அங்கே இருப்பவர்கள் காலி செய்ய மறுக்கிறார்களாம், சங்கம் வைத்துத் தடுக்கிறார்களாம்' என்று வெளியே ஒரு பேச்சு நடக்கிறது. அது உண்மையில்லை. இடித்துக் கட்டுங்கள் என்று முதலில் மனு கொடுத்ததே எங்கள் சங்கம்தான். இப்போது நாங்கள் கேட்பது ஒன்றுதான். வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் முன், திரும்பி வரும்போது எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

இடிக்க வேண்டிய கட்டடம்தான் இது. தொழில் தெரிந்தவன் என்பதால் என் வீட்டுக் கூரையை வைத்தே சொல்கிறேன். முதலில் தளத்தின் அடியில் மயிரிழைக் கீறல் ஒன்று நேர்கோட்டில் ஓடியது. அதுதான் கம்பி போகிற வழி. அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கோட்டோடு பழுப்புக் கறை இறங்கியது. கரணைப் பிடியால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கக்கூடியது. அது உப்ப உப்ப, கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். துருவைச் சுரண்டாமல் மேலே கலவையை அப்பி வெள்ளையடித்தால் ஒரு வருடம் கண்ணுக்கு நன்றாக இருக்கும். அதன்பிறகு அந்த ஒட்டுப்பூச்சு முழுதாக விழும். என் பேத்தியின் தொட்டில் மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றிவிட்டு, அவளைச் சுவர் ஓரமாகத் தரையில் படுக்க வைத்திருக்கிறோம். எங்கள் பிளாக்கில் பெரும்பாலான வீடுகளில் கட்டில் எங்கே போடுவது என்பதைக் கூரைதான் முடிவு செய்கிறது.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் இதே போன்ற குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்துப் பயந்து ஆட்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்களைக் காப்பாற்றியது அக்கம்பக்கத்தாரின் கூச்சலும் கதவுக் கதவாகத் தட்டிய தட்டலும்தான். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த நினைப்போடுதான் நாங்கள் தூங்குகிறோம். ஆகவே 'வளர்ச்சிக்கு எதிரானவர்கள்' என்று எங்களைச் சொல்லாதீர்கள்.

பிறகு ஏன் சாவியைக் கொடுக்கத் தயங்குகிறோம்? எல்லாமே வாய்வார்த்தையாக இருக்கிறது. அளவெடுக்க வந்தவர் ஒரு சதுர அடி சொன்னார். அடுத்த முறை வந்தவர் வேறு சொன்னார். பதினெட்டு மாதம் என்றார் ஒருவர், இரண்டு வருடம் என்றார் இன்னொருவர். புதிய வீட்டுக்கு நாங்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்று கேட்டால், 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள்.

இதே ஊரில் ஒருவர் தனியார் கட்டுமான நிறுவனத்திடம் அடுக்குமாடி வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவரிடம் பணம் வாங்குவதானால் முதலில் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். ஒப்படைக்கும் தேதி அதில் இருக்கும். தேதி தப்பினால் வட்டி கேட்கலாம். 'கார்பெட் ஏரியா', அதாவது உள்ளே புழங்கும் தரையின் அளவு என்னவென்று அந்தச் சட்டமே விளக்கிச் சொல்லியிருக்கிறது. வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், தெரிவித்த 30 நாளில் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்குகிறவருக்கு இவ்வளவு பாதுகாப்பு கொடுத்தது நல்ல காரியம். கையில் இருக்கும் வீட்டையே முன்பணமாகக் கொடுத்துவிட்டு வெளியேறுகிற எங்களுக்கு அதில் பாதியாவது எழுத்தில் வேண்டாமா?

அந்தக் காகிதத்தில் முக்கியமாக இருக்க வேண்டியது, யாருக்கு வீடு என்பது. குடும்பங்கள் சிதறுவது இந்த இடத்தில்தான். ஒதுக்கீட்டு ஆணை ஒருவர் பெயரில் இருக்கும், அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்காமலே பிள்ளைகள் குடியிருப்பார்கள். இரண்டு மகன்களுக்கும் கல்யாணமாகி, ஒரே அறையில் சேலையைத் திரையாகக் கட்டி மூன்று அடுப்பு எரியும். இன்னும் சிலர் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இருபது வருடமாக மின்கட்டணம் கட்டி வருகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. கணக்கெடுக்க வரும் நாளில் வீடு பூட்டியிருந்தால் அந்தக் கதவு எண்ணே பட்டியலில் விடுபட்டுப் போகும்.

அதனால் எங்கள் பெண்களே ஒரு கணக்கு எடுத்தார்கள். கீழ்த்தளத்தில் தையல் தைக்கும் அக்கா ஒருவர் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். ஒதுக்கீடு யார் பெயரில், இப்போது குடியிருப்பது யார், எத்தனை குடும்பம், ரேஷன் அட்டை எண், மாற்றுத்திறனாளி உண்டா, படிக்கிற பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று எழுதியிருக்கிறார். ஆணை தொலைந்தவர்களுக்குப் பழைய தவணை ரசீது, மின் அட்டை என்று கிடைத்ததையெல்லாம் நகலெடுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார். சண்டையாக இருக்கும் பக்கங்களில் இரண்டு தரப்பு சொல்வதையும் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையே இல்லாத வீட்டில்கூட வாங்கிவிட்டார். எந்தக் கணக்கெடுப்பாளரும் எட்டிப்பார்க்காத மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் இருக்கும் பாட்டிக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதில் தவறு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம். இறுதிப் பட்டியலை எங்கள் பிளாக் சுவரில் தமிழில் ஒட்டி, ஆட்சேபணை சொல்ல நாள் கொடுங்கள்.

அடுத்தது இடைப்பட்ட காலம். மறுகட்டுமானத்துக்காக வெளியேறும் குடும்பங்களுக்கான கருணைத் தொகையை அரசு 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தியது. அதற்கு நன்றி. ஆனால் கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனால் மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் வருகிறது. இந்தப் பக்கத்தில் அந்தத் தொகைக்கு ஒரு திண்ணைகூடக் கிடைக்காது. இதில் அட்வான்ஸ் வேறு. வாடகை குறைந்த இடம் தேடி ஊருக்கு வெளியே போகலாம் என்றால், எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்கள் காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்கள். ஏலம் விடியுமுன் நடக்கும். பேருந்து ஓடாத நேரத்தில் அவர்கள் கூடையோடு நடந்துதான் போகிறார்கள். நடக்கிற தூரத்தில் தங்க இடம் இல்லையென்றால் அவர்களுக்குப் பிழைப்பே இல்லை. பக்கத்திலேயே தற்காலிகக் குடியிருப்பு போட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், கட்டி முடியும்வரை மாதாமாதம் வாடகைத் தொகை கொடுங்கள். தாமதமானால் தொகையும் தொடர வேண்டும். அப்போதுதான் வேலையும் தேதிக்குள் முடியும், ஒப்பந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை நிச்சயமாகச் சொல்வேன்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் கொள்கையாக இருந்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதிவைத்துக் கட்டினார்கள். அப்படித்தான் எங்கள் பெற்றோருக்குக் கடலையும் துறைமுகத்தையும் விட்டுப் போகாமல் ஒரு வீடு கிடைத்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் மறுகோடிக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போயின. அங்கே போன எங்கள் சொந்தக்காரர்கள் பிழைப்புக்காகத் தினமும் இந்தப் பக்கமே வந்து போகிறார்கள். 'இதே இடத்தில்' என்ற இரண்டு சொல் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

வரைபடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமாகக் கட்டுவார்கள், லிப்ட் வைப்பார்கள். வரட்டும், என் முழங்காலுக்கு அது வரம். ஆனால் ஒரு லிப்டாவது ஸ்ட்ரெச்சர் படுக்கைவாட்டில் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். இப்போதைய மாடிப்படியில் திருப்பம் குறுகல். போன வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானபோது, அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டித்தான் கீழே இறக்கினோம். அவருடைய மகள் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரசவ வலியில் இருப்பவளையும் அதே படியில்தான் இறக்குகிறோம். வரைபடம் போடுகிறவர் ஒருமுறை எங்கள் படியில் ஏறி இறங்கிவிட்டுப் போடட்டும். கார் நிறுத்த இடம் விடுகிறார்கள். மீன்பாடி வண்டிக்கும், தள்ளுவண்டிக்கும், வலை உலர்த்தவும் இடம் விட வேண்டும். மின்சாரம் போனால் லிப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓட ஜெனரேட்டர் வேண்டும். அதன் டீசல் செலவு யாருடையது என்பதையும் இப்போதே பேசிவிடலாம். குடிபோன பிறகு பேசினால் அது வீட்டுக்கு வீடு சண்டையாகும்.

கடைசியாகத் தரம். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், விரல் பட்டாலே பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். பூச்சு உதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கம்பிக்கும் கான்கிரீட்டைத் தாங்கும் பலகைக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, அதாவது 'கவர்', குறைந்தால் யாருக்கும் தெரியாது, இருபது வருடம் கழித்துக் கூரை சொல்லும். கடலோரக் காற்று நேரடியாகப் படும் கட்டடத்துக்குக் குறைந்தது எம் 30 என்ற வலுத்தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதியில் இருக்கிறது. அந்த அளவுக்குக் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையில் படாமல் தாங்கும் சிறு துண்டு, வைத்தார்களா என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கான்கிரீட் போடும் முன் கையில் ஒரு டேப் இருந்தால் போதும். எங்கள் குடியிருப்பிலேயே கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் போடுகிறவர்கள் இருக்கிறோம். இந்த நகரத்தின் பல உயரமான கட்டடங்களில் எங்கள் கை பட்டிருக்கிறது. நாங்கள் குடியிருக்கப்போகும் வீட்டின் தளம் போடும் நாளில் எங்களில் நான்கு பேரை உள்ளே விடுங்கள். கான்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் 28-ஆம் நாள் கியூப் சோதனை முடிவைப் பணியிடத்து வாசல் பலகையில் எழுதி வையுங்கள். குறுக்கே நிற்க மாட்டோம், பார்ப்போம், குறை கண்டால் பொறியாளரிடம் எழுதிக் கொடுப்போம்.

'இலவசமாக வீடு கொடுக்கிறார்கள், இதில் இவ்வளவு நிபந்தனையா' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் அம்மா கூடை சுமந்து தவணை கட்டிய ரசீதுகள் ஒரு தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. புதிய வீட்டுக்கும் எங்கள் பங்கைக் கட்டத் தயாராகவே இருக்கிறோம். எவ்வளவு, எத்தனை தவணை என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்கிறோம். கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் கந்துவட்டிக்குப் போகாமல் இருக்க வேண்டுமே.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் கிராம சபை போல நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அடுத்த கூட்டத்தை எங்கள் குடியிருப்பு மைதானத்திலேயே வைத்து, வரைபடத்தையும் பயனாளிகள் பட்டியலையும் அங்கே விரித்துக் காட்டும்படி மாமன்ற உறுப்பினரையும் அதிகாரிகளையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். கணக்கு நோட்டின் முழு நகலைத் தர அக்கா தயாராக இருக்கிறார். தயவுசெய்து மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். பகலில் வந்தால் பாதிக் கதவு பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி ஒருவர்,
வடசென்னை.