முதியோர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் போசகர்களுக்கும் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் பன்னிரண்டும் தவறாமல் கூடின. பொங்கல் விழா, கண் பரிசோதனை, முதியோர் தினம் எல்லாம் வழமைபோல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரத்தை ஒரே விடயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு எங்கள் உழைப்பில் பெரும்பங்கும் அதற்குத்தான் போனது.

பெப்ரவரிக் கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா, கதிரையை விட்டு எழும்ப முடியாமல் தலைசுற்றி இருந்துவிட்டார். மருந்துப் பையைத் திறந்து பார்த்தோம். ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்த காகித உறையில் பேனையால் லொசார்ட்டான் என்று எழுதியிருந்தது. கூடவே, வெளியே ஒரு பாமசியில் வாங்கிய பளபளப்பான குளிசை அட்டை, வேறு பெயரில். அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் அதே லொசார்ட்டான். அதுதான் மருந்தின் சொந்தப் பெயர், பெரிய எழுத்தில் இருந்தது கம்பனி வைத்த பெயர். மூன்று கிழமையாக ஒரே பிரஷர் குளிசையை இரட்டிப்பாய்ப் போட்டிருக்கிறார். உடனே ஓட்டோவில் கொண்டுபோய்க் காட்டினோம். இப்போது சுகம், அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஒரே மருந்துக்குப் பல பெயர் என்ற இந்தச் சிக்கலுக்கு ஒரு காலத்தில் வழி தேடிய ஒசுசலவின் வரலாற்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் செயற்குழு தீர்மானித்தது. ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் நான்கு கூட்டங்களில் வந்து பேசினார்.

ஒசுசல என்றால் நம்மில் பலருக்கு இலங்கை அரசாங்கத்தின் மருந்துக்கடை, அவ்வளவுதான். 'ஒசு' என்பது நம்முடைய ஔடதம், அதாவது மருந்து. 'சல' நம்முடைய சாலை. அந்தச் சொல்லை இத்தனை வருடம் சிங்களச் சொல் என்று மட்டும் எண்ணியிருந்த எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இதன் பின்னால் நின்றவர் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அவரும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில், ஒவ்வொரு விலையில் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. முதல் தலைவரும் பிபிலேதான். உலக அளவில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கினார்கள். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயருக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துப் பட்டியல் 600 அளவுக்குச் சுருங்கியது. அந்த மருந்தை மக்கள் கைக்குக் கொண்டுவந்த கடைதான் ஒசுசல.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. 1974இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வரவழைத்த மூலப்பொருளில் அதற்கான மருந்தாகிய ரெட்ராசைக்ளின் செய்துதர ஒரு பன்னாட்டு நிறுவனம் மறுத்தது. கூடிய விலை கொடுத்து விமானத்தில் இறக்கினார்கள். 1977இல் ஆட்சி மாறியது, இறக்குமதி திறந்தது, கம்பனிப் பெயர்கள் திரும்பி வந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். மிகத் தேவையான மருந்துகளை மட்டும் கொண்ட, உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்ததும் 1977இல்தான். இதைக் கேட்டபோது சபை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

1987இல் இங்கேயே மருந்து செய்யத் தனிக் கூட்டுத்தாபனம் வந்தது, 2015இல் மருந்து ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அவற்றை அடுத்த ஆண்டு பார்ப்போம்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே ஒரு குளிசைக்கு நாம் பட்ட பாட்டை இந்தச் சபைக்குச் சொல்லத் தேவையில்லை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு முழுவதும் மருந்து தட்டுப்பட்டதையும் கண்டோம். அப்போது கம்பனிப் பெயரை மட்டும் தெரிந்தவர்கள் 'இல்லை' என்ற பதிலோடு வீடு திரும்பினார்கள். சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் வேறு கம்பனியின் அதே மருந்து இருக்கிறதா என்று கேட்டார்கள், சிலருக்குக் கிடைத்தது.

சரி, நாம் செய்தது என்ன? அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. மருந்தின் சொந்தப் பெயர், அளவு, எந்த நோய்க்கு, யார் எழுதித் தந்தது என்று நாலு நிரல். எண்பது கடந்த ஓர் ஐயா மெற்போமின் என்ற பெயரை எழுத்தெழுத்தாக மூன்று தரம் எழுதிப் பழகினார். கிளினிக்குக்கும் பாமசிக்கும் அந்தக் கொப்பியோடுதான் போகிறார். மருந்தை மாற்றுவதென்றால் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

இன்னும் கொப்பி எழுதாதவர்கள் வீட்டிலுள்ள மருந்து முழுவதையும், பழைய அட்டைகளையும் சேர்த்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரவும். உருப்பெருக்கிக் கண்ணாடி மேசையில் இருக்கும்.

நன்றி.
செயலாளர்