வால்டர் பிரென்னன் டிவிடி தொகுப்பில் வால்டர் பிரென்னனைக் காணவில்லை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குறையுள்ள டிவிடிகளை மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

நீங்கள் வெளியிட்ட வால்டர் பிரென்னன் படத் தொகுப்பைச் சென்ற மாதம் வாங்கினேன். ஹாலிவுட் துணை நடிகர் ஒருவர் பெயரில் தொகுப்பு வருவதே அபூர்வம். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை முதலில் வாங்கியவர், 1936, 1938, 1940 படங்களுக்காக மூன்று முறை வாங்கியவர் என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் உள்ளே அவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

‘ரெட் ரிவர்’ (1948) படத்துக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. 133 நிமிடப் பதிப்பில் கையெழுத்துப் பக்கங்கள் திரையில் வந்து கதையை நகர்த்தும். 127 நிமிடப் பதிப்பில் சமையல் வண்டிக்காரர் குரூட்டாக வரும் பிரென்னனே கதை சொல்வார். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்குப் பிடித்தது இதுதான். உங்கள் அட்டை ‘பிரென்னனின் குரலில்’ என்கிறது. டிவிடியில் இருப்பதோ 133 நிமிடப் படம். சூதாட்டத்தில் தோற்ற பொய்ப்பல்லைச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளும் அந்தக் கிழவரின் குரலை எதிர்பார்த்து உட்கார்ந்தால், நான் பக்கம் பக்கமாக எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

‘பேட் டே அட் பிளாக் ராக்’ (1955) சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். பாலைவன ஊரில் ஆட்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தி ஜான் ஸ்டர்ஜஸ் எடுத்தது. அதைப் பழைய டிவி அளவுக்கு இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறீர்கள். வெட்டினால் நடுவில் நிற்கும் நாயகன் ஸ்பென்சர் டிரேசிக்கு ஒன்றும் ஆகாது, ஓரத்தில் நிற்பவர்தான் போவார். டாக் வெலியாக வரும் பிரென்னனுக்குச் சில இடங்களில் ஒரு தோள்தான் மிச்சம்.

‘ரியோ பிராவோ’ (1959) படத்தில் சிறையைக் காவல் காக்கும் நொண்டிக் கிழவர் ஸ்டம்பியின் ஓயாத புலம்பல்தான் பாதி சுவை. சப்டைட்டிலில் அதற்கெல்லாம் ‘முணுமுணுக்கிறார்’ என்று ஒரே வார்த்தை! நாயகன் ஜான் வெய்ன் பேசினால் மட்டும் ஒரு சொல் விடுவதில்லை.

போனில் கேட்டதற்கு, “படம் ஓடுகிறதல்லவா சார், அப்படியானால் பழுது இல்லை” என்றார் உங்கள் ஊழியர். ஓடவில்லை என்று நான் சொல்லவே இல்லை. அட்டையில் சொன்னது உள்ளே இல்லை என்பதே என் புகார்.

127 நிமிடப் பதிப்பு, வெட்டாத சினிமாஸ்கோப், முழு சப்டைட்டில் ஆகியவற்றோடு டிவிடிகளை மாற்றித் தாருங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தாருங்கள். ரசீது நகலும் அட்டையின் புகைப்படமும் இணைத்திருக்கிறேன். டிவிடிகளைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்